வலப்பக்கம் உட்காருகிறவன்

செங்குட்டுவன் அன்று விடிகாலையில் தார்ப்பாயை விலக்கி வண்டியை வெளியே எடுத்தது தம்பியை வீட்டுக்கு அழைத்துவரத்தான். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியிலிருந்து ஆள் வந்து வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். பழைய கார்களைத் தேடிப் பிடித்துப் பாதுகாத்து வைக்கிற மனிதன் அவன். அவனிடம் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. அதற்குள் ஒருமுறை தம்பி நெடுமாறன் அந்த வண்டியில் உட்கார வேண்டும்; உட்கார்ந்து வந்து இந்திரா நகர் வீட்டு வாசலில் இறங்க வேண்டும். அவன் அண்ணன் வாசலை மிதித்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அண்ணன் மகள் வெண்மதியின் கல்யாணத்துக்குக்கூட நேரே மண்டபத்துக்கு வந்து, சித்தப்பன் முறைக்கு மோதிரம் போட்டுவிட்டு, பந்தியில் உட்காராமல் போனவன்.

மனைவி பொற்கொடி வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றாள்.

"கார்ல போனாத்தான் வருவாருன்னு இல்லிங்க. நீங்க வாயத் தொறந்து வான்னு கூப்டா நடந்தே வருவாரு அந்தத் தம்பி."

"நடந்து வர்றதுக்கு அவன் என்ன கோயிலுக்கா வரான்?" என்றார் செங்குட்டுவன். "எந்த வண்டியில இருந்து எறங்கிப் போனானோ அந்த வண்டியிலதான் வரணும். அதான் முறை."

பொற்கொடி, மத்தியானத்துக்கு நாட்டுக்கோழி சொல்லி வைத்திருப்பதாகவும், நெடுமாறனுக்கு மிளகு தூக்கலாக இருந்தால் பிடிக்கும் என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வண்டி அவர்கள் குடும்பத்துக்கு வந்த கதையை நிலக்கரிச் சுரங்க நகரியத்தில் பழைய ஆட்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். இரண்டாம் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்களை மாட்டுவதற்கு ஜெர்மனியிலிருந்து பொறியாளர்கள் வந்திருந்த காலம். அவர்களில் ஒருவர் தன் சொந்தக் காரையே கப்பலில் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு டிரைவராகவும் மெக்கானிக்காகவும் துணையாகவும் இருந்தவர் செங்குட்டுவனின் தகப்பனார் ராயப்பன். ஊர் திரும்பும்போது அந்த மனிதர் சாவியை ராயப்பன் கையில் வைத்துவிட்டுப் போனார். சுங்கம், பதிவு என்று சென்னைக்கும் கடலூருக்கும் ராயப்பன் நடந்த நடையில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. கடைசியில் வண்டி அவர் பெயருக்கு வந்தது.

ராயப்பனின் தகப்பன் மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். அவருடைய பேரன்கள் அதே தெருவில், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஜில்லாவிலேயே யாரிடமும் இல்லாத ஒரு காரில் போனார்கள். கௌரவம் என்ற சொல்லை இப்போது கேலிக்குத்தான் எடுக்கிறார்கள். அது இல்லாமல் மூன்று தலைமுறை கிடந்தவனுக்குத்தான் அதன் எடை தெரியும்.

வண்டியும் லேசுப்பட்டதல்ல. இரண்டே கதவு, நான்கு பேர் உட்காரலாம். பானெட் நீளம், கூரை தாழ்வு. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் நடுவில் தடுக்கிற தூணே கிடையாது. பக்கவாட்டு முழுவதும் வாசல் திறந்தாற்போல ஆகிவிடும். பானெட் முன்பக்கக் கீலில் சாய்ந்து திறக்கும். உள்ளே ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில், ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். இரண்டு கார்புரேட்டர். ராயப்பன் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டின் வாயிலும் பிடித்து, இரண்டு சீறலும் ஒன்றுபோலக் கேட்கும்வரை திருகுவார். சரியாக அமைந்துவிட்டால் எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்று பானெட்மேல் கையை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

பிறந்த ஊரில் அது காலையில் ஒரு நாட்டில் கிளம்பிச் சாயங்காலம் மூன்றாவது நாட்டில் போய்ச் சேருவதற்காகச் செய்யப்பட்ட வண்டி. நான்காவது கியரில் எண்பது தொண்ணூறைத் தாண்டிய பிறகுதான் அதற்கு மூச்சே சீராகும். திருப்பங்களில் உடம்பு கொஞ்சம் சாயும்; சாய்ந்தபின் அப்படியே பிடித்துக்கொண்டு போகும். ஆனால் ராயப்பன் குடும்பத்தில் அது நகரியத்துக்குள்ளேயே பிளாக் விட்டு பிளாக் போயிற்று. மாரியம்மன் கோயிலுக்குப் போயிற்று. பொங்கலுக்கு ஊருக்கும் கல்யாணம் காட்சிக்கு நெல்லிக்குப்பம், கடலூர்வரைக்கும் போயிற்று. தூரம் போய் நடுவழியில் நின்று, நாலு பேர் தள்ளினார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். திருச்சிகூடப் பார்த்ததில்லை அந்த வண்டி.

இன்னொரு சட்டமும் இருந்தது. அது ஸ்டியரிங் பற்றியது. ஜெர்மன் வண்டி என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கம். நம் சாலையில் இடது ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகிற லாரியின் முதுகுதான் தெரியும்; அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்பது தெரியாது. அது தெரிவது வலப்பக்கம் உட்காருகிறவனுக்கு. ஆகவே முந்துவது என்றால் வலப்பக்கத்துக்காரன் சொல்ல வேண்டும். ராயப்பன் அவனுக்கு இரண்டே சொற்களை அனுமதித்தார். ஒன்று 'போ'. மற்றது 'இரு'. ஏன், எதற்கு, எவ்வளவு தூரத்தில் என்ற பேச்செல்லாம் கிடையாது. சொன்னால் செய்ய வேண்டும்.

தகப்பனாருக்குப் பிறகு ஸ்டியரிங் மூத்தவனுக்கு வந்தது. வலப்பக்கம் இளையவனுக்கு. நெடுமாறனின் கணக்கு தப்பாது. எதிரே வருகிற பஸ்ஸின் உயரம், லாரியின் வேகம், அண்ணன் கியர் மாற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் அவனுக்குள் ஓடி ஒரு சொல்லாக வெளியே வரும். 'போ' என்ற கணத்தில் மூன்றாவது கியரில் வண்டி எம்பும். அந்த ஆறு சிலிண்டரும் அப்போதுதான் தொண்டையைத் திறக்கும். தாண்டி முடித்து இடப்பக்கம் வந்த பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட மாட்டார்கள். பின்னால் இருக்கும் அம்மா சாமியம்மாள், "ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு" என்பாள்.

ஜெர்மன்காரர் போகும்போது ஒரு விஷயத்தை மட்டும் எச்சரித்திருந்தார். திருப்பத்தில் வேகமாகப் போகும்போது பாதியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காதே என்றார். பின் சக்கரங்களின் அமைப்பு அப்படி. அழுத்திக்கொண்டே போனால் தரையைப் பிடிக்கும். பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் வீசும். போவதென்று முடிவு செய்தால் போய்விட வேண்டும் என்று ராயப்பன் அதை மகன்களுக்குத் தமிழில் சொன்னார்.

அது நடந்தது நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது. கரும்பு வெட்டுக் காலம். மேல்பட்டாம்பாக்கத்தைத் தாண்டியதும் ஒரு நீண்ட வளைவில், ஆலைக்குப் பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நெடுமாறன் 'போ' என்றான். செங்குட்டுவன் போனார். பாதி தாண்டியபோது எதிரே ஒரு பஸ் தெரிந்தது. அடுத்த கணம் வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சாலையை விட்டு இறங்கிக் கரும்புக்குள் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. சாமியம்மாளுக்கு முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான்.

அடியெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் கரும்பு, அவர்கள் பாட்டன் கூலிக்கு நின்ற அதே வீட்டாரின் கரும்பு. அந்த வீட்டு டிராக்டரில் கயிறு கட்டித்தான் வண்டியை மேலே இழுத்தார்கள். ஊர்த்தெருக்காரர்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். "இன்னா ராயப்பன் மவனே, வண்டி நம்ம கொல்லையிலதான் எறங்கணும்னு அடம் புடிக்குதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். செங்குட்டுவனுக்கு உடம்பு தீயாயிற்று. அத்தனை பேருக்கும் நடுவில் தம்பியைப் பார்த்து, "இந்தக் கண்ணு தெரியாதவன் பேச்சக் கேட்டு வந்தம் பாரு, என்னச் சொல்லணும்" என்றார்.

நெடுமாறன், மனைவி வீரம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டு நெல்லிக்குப்பம் நோக்கி நடக்க ஆரம்பித்தான். பட்டுப்புடவையும் வேட்டியுமாக அவர்கள் கரும்பு லாரிகளுக்கு ஓரமாக நடந்து போனதை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதன்பின் நெல்லிக்குப்பமே அவன் ஊராயிற்று. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டான். துக்கத்துக்கு வந்தால் தெருவோடு, நல்லதற்கு வந்தால் மண்டபத்தோடு நிற்பான். தம்பி அன்று தப்பாகச் சொல்லிவிட்டான் என்பதில் செங்குட்டுவனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. பெரிய மனசு பண்ணி அதை மன்னித்துவிட்டதாகவும் அவர் நினைத்திருந்தார்.

நெல்லிக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறவில்லை. சாலை காலியாக இருந்ததால் யாரையும் முந்த வேண்டியிருக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டு வீரம்மாள் ஈரக் கையோடு வெளியே வந்தாள். "வாங்க மாமா" என்றவள், வண்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நெடுமாறன் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்து, முன்னைவிட மெலிந்திருந்தான். எழுந்து நின்றான்.

செங்குட்டுவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. வண்டி ஞாயிற்றுக்கிழமை போகிறது என்றார். கண்ணாடி ஏற்றுகிற மோட்டார் இன்னும் வேலை செய்கிறது என்றார். அண்ணி கோழி அடித்திருக்கிறாள் என்றார். கடைசியில்தான், "கெளம்பு, வூட்டுக்குப் போலாம்" என்று வந்தது.

நெடுமாறன் வண்டியைச் சுற்றி வந்தான். பானெட்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "முன் கார்புரேட்டர் கொஞ்சம் மூச்சு வாங்குது" என்றான். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, கேட்காமலே வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். வீரம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஊர் தாண்டியதும் கண்ணாடிகளை இறக்கினார்கள். இரண்டு பக்கமும் காற்று வழிந்தோடியது. வெட்டிய கரும்பின் வாசனையும், ஆலையின் பாகு வாசனையும் சேர்ந்து வந்தன. நெடுமாறன் முழங்கையை வெளியே வைத்துக்கொண்டான். வீட்டில் எல்லாரும் சௌகரியமா என்று கேட்டான். வெண்மதி வேலையில் பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்து, மாப்பிள்ளையோடு குடிபோய்விட்டதை இவர் சொன்னார். அப்புறம் பேச்சில்லை. அந்த மௌனம் செங்குட்டுவனுக்குச் சுகமாக இருந்தது. பழைய காலத்து மௌனம்போலவே இருந்தது. இவ்வளவுதான் வேண்டியிருந்தது, இதை ஏன் இத்தனை வருஷம் செய்யாமல் இருந்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆலையில் பாரம் இறக்கிவிட்டு வெற்றாகத் திரும்பும் டிராக்டர் ஒன்று, இரண்டு டிரெய்லர்களை ஆட்டிக்கொண்டு முன்னால் போயிற்று. தூசியும் காய்ந்த கரும்புச் சோகையும் பறந்து முகத்தில் அடித்தன. செங்குட்டுவன் அதன் முதுகை ஒட்டிப் போனார்.

"போ" என்றான் நெடுமாறன்.

செங்குட்டுவனின் கை கியரில் இருந்தது. கால் நகரவில்லை. அவர் உடம்பை வலப்பக்கம் சாய்த்து, தம்பியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க முயன்றார். டிரெய்லரின் பலகைதான் தெரிந்தது.

நெடுமாறன் அவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மறுபடி சாலையைப் பார்த்தான். வெகுநேரம் கழித்து எதிரே ஒரு மினி லாரி நிதானமாக வந்து கடந்து போயிற்று. அதற்குள் இரண்டு முறை தாண்டியிருக்கலாம்.

மேல்பட்டாம்பாக்கம் நெருங்கியது. வலப்பக்கம் வளைகிற அந்த நீண்ட வளைவு வந்தது. அதே இடமா, அதற்கு அடுத்ததா என்று இப்போது சொல்ல முடியாது. சாலையை அகலப்படுத்தி மரங்களை எடுத்துவிட்டார்கள்.

"போண்ணே" என்றான் நெடுமாறன் மெதுவாக.

இந்த முறை செங்குட்டுவன் போனார். மூன்றாவது கியரில் வண்டி குரல் எழுப்பி எம்பியது. முதல் டிரெய்லர் பின்தங்கியது. இரண்டாவது டிரெய்லரின் நடுவில் இருக்கும்போது எதிரே ஒரு பஸ்ஸின் முகப்பு தெரிந்தது. தூரத்தில், மிகத் தூரத்தில். ஆனால் அதைப் பார்த்த மாத்திரத்தில் வலது கால் தானாக மேலே வந்துவிட்டது. வண்டியின் பின்பக்கம் பாம்பு வாலைப்போல ஒரு வீசு வீசியது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்து, பிரேக்கை மிதித்து, எப்படியோ மறுபடியும் டிராக்டருக்குப் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டார். பஸ் சாவகாசமாக வந்து, ஹாரன்கூட அடிக்காமல், கடந்து போயிற்று.

அந்த வீச்சை அவர் உடம்பு அறிந்திருந்தது. முதுகுத்தண்டு முழுவதும் அது ஞாபகமாக ஓடியது. அன்றைக்கும் பஸ் இவ்வளவு தூரத்தில்தான் இருந்தது. தம்பி சொன்ன சொல் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கும் எடுக்கப்பட்டது இதே கால்தான்.

சற்றுதூரத்தில் பஸ் நிறுத்தம் வந்ததும், "நிறுத்துண்ணே" என்றான் நெடுமாறன்.

வண்டி நின்றது. அவன் உடனே இறங்கவில்லை.

"நான் தப்பா சொல்லிட்டன்னு நீ நெனச்சிகினு இருக்கன்னுதான் இத்தினி நாளா நெனச்சன். அதுகூடப் பரவால்ல, யாருக்கும் கணக்குத் தப்பும். அன்னைக்கே நீ என்ன நம்பவே இல்லன்னு இன்னைக்குத்தான் தெரியிது."

"நெடுமாறா..."

"கோவம் இல்லண்ணே. அண்ணி சமைச்சிகினு இருப்பாங்க, அத வீணாக்க மாட்டன். நான் பஸ்ல வரன். நீ பாத்துப் போ."

அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நிறுத்தத்து நிழலில் போய் நின்றான். கூப்பிட்டிருக்கலாம். இறங்கிப் போய்க் கையைப் பிடித்திருக்கலாம். நிறுத்தத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள், ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். செங்குட்டுவன் நேராக முன்னால் பார்த்தபடி வண்டியை நகர்த்தினார்.

கொஞ்ச தூரத்தில் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பண்ருட்டி பஸ் அவரைத் தாண்டிப் போனதைப் பார்த்தார். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தார். ஒரு டூவீலர்க்காரன் நின்று, வண்டி மக்கரா, தள்ளணுமா ஐயா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அவர் இந்திரா நகர் வந்து சேர்ந்தபோது வாசலில் தம்பியின் செருப்பு கிடந்தது. நெடுமாறன் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அண்ணன் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்று இலையை வெறுமனே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான்.

"என்னங்க இது, அவரு பஸ்ல வராரு, நீங்க பின்னால வரீங்க?" என்றாள் பொற்கொடி.

"நான்தான் அண்ணி எறங்கிட்டன். பெட்ரோல் வாடை ஒத்துக்கல, வயித்தப் பொரட்டுச்சி. வண்டி ஜம்முனு இருக்கு" என்றான் நெடுமாறன்.

செங்குட்டுவன் கைகால் கழுவிவிட்டு வந்து தம்பியின் எதிரே உட்கார்ந்தார். பொற்கொடி சோறு போட்டாள். மிளகு மணம் வீடு முழுக்க நிறைந்திருந்தது. அவர் ஒரு வாய் எடுத்தார். அதை மறுபடியும் இலையிலேயே வைத்தார்.

"அவன் போன்னு சொன்னான்" என்றார் பொற்கொடியிடம். "வழி இருந்துச்சி. நான்தான் கால எடுத்துட்டன். அன்னைக்கும் அப்பிடித்தான்."

பொற்கொடியின் கையில் கரண்டி நின்றது. நெடுமாறன் இலையைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தான்.

"கொழம்பு ஊத்துங்க அண்ணி" என்றான்.

அவ்வளவுதான் அவன் சொன்னது. வயிறாரச் சாப்பிட்டான். வெற்றிலை போட்டுக்கொண்டான். வெண்மதியின் பிள்ளைகள் படத்தைப் பார்த்து, பெரியவளுக்கு நம்ம அம்மா ஜாடை என்றான். வெயில் தாழ்ந்ததும் கிளம்பினான். பஸ் நிறுத்தம்வரைக்கும் செங்குட்டுவன் கூடவே நடந்தார். பொங்கலுக்கு வீரம்மாளையும் அழைத்துக்கொண்டு வா என்றார். பார்க்கலாம்ணே என்றான் அவன்.

பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று மனசை அடக்கப் பார்த்தார்; அது அடங்கவில்லை. அன்றைக்கு அவர் கரும்பு ஓரத்தில் நின்று பேசியதை ஊரே கேட்டது. இன்றைக்குச் சொன்னதைப் பொற்கொடி மட்டும் கேட்டாள். கேட்க வேண்டியவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். அம்மா போய்விட்டாள். கேலி பேசிய பெரியவர் அதற்கு முன்பே போய்விட்டார். டிராக்டர் ஓட்டி வந்தவன் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் செத்தாயிற்று. மீதிப் பேருக்கு அது ஞாபகம்கூட இருக்காது. அந்த ஊருக்குப் போய், நடுத்தெருவில் நின்று, என் தம்பிமேல் தப்பில்லை என்று கத்தினாலும் யாரைச் சொல்கிறான் இந்தக் கிழவன் என்றுதான் கேட்பார்கள்.

அவர் வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு, எப்போதும்போல முதுகை நிமிர்த்தி, வீட்டை நோக்கி நடந்தார்.